சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள், முதலில் கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: குச்சவெளிப் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்பில் 20 இளைஞர்கள் இருக்கிறோம். தீயோ விபத்தோ நடந்தால் திருகோணமலையிலிருந்துதான் வண்டி வரவேண்டும். வெளிநாட்டில் தீயணைப்பு வீரர்களே விவசாயிகளுக்குப் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கிறார்களாம். அதே பயிற்சியை இரண்டு நாளில் சான்றிதழோடு தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். ஆளுக்கு 6,500 ரூபா. தீயணைப்புக் கருவியும் அவரிடமே வாங்க வேண்டுமாம். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம் தம்பி. 20 பேருக்கு 130,000 ரூபா, கருவிக்கு வேறு. அந்தக் காசுக்கு உங்கள் அமைப்பு தண்ணீருக்குள் இறக்குகிற கரண்ட் மோட்டர் ஒன்று வாங்கலாம். ஏன் மோட்டர் என்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். உயரமான தகரக் கோபுரத்துக்குள் தானியத்தில் புதைந்த ஆளை எடுக்கிற படம். குச்சவெளியில் அப்படி ஒரு கோபுரத்தை யார் கண்டது? நம் நெல் சாக்கில் கிடக்கிறது. எங்கிருந்தோ படத்தை எடுத்து, மேலே தன் பெயரை அடித்துக் கொண்டு வந்திருக்கிறார். இந்த மாதிரிச் சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும், எந்தப் பிரதேச சபையும், எந்தக் காப்புறுதிக்காரரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை.

நீங்கள் கேள்விப்பட்ட விஷயம் மட்டும் உண்மை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து மார்ஷ்பீல்ட் என்ற ஊரில் தேசியப் பண்ணை மருத்துவ மையம் இருக்கிறது. கிராமத்துத் தீயணைப்பு வீரர்களை விவசாயப் பாதுகாப்புக்காரர்களாகப் பழக்குவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. அங்கே அந்த வீரர்களில் கனபேர் தொண்டர்கள், தாங்களே தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள். பக்கத்துக் காணிக்காரன் சொன்னால் சனம் கேட்கும், அதுதான் சூட்சுமம். விபத்து நடக்கும் முன்பே காணிக்குப் போய், மெயின் சுவிட்ச் எங்கே, எரிபொருள் எங்கே, பூச்சி மருந்து எங்கே, பெரிய வண்டி எந்த வழியால் உள்ளே வரும் என்று கீறி வைக்கிறார்கள். இதைச் செய்ய உங்களுக்கு ஒரு கொப்பித் தாள் போதும்.

சரி, கிணறு. கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். மேலே வைத்த வோட்டர் பம்ப் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை இழுக்காது. ஆகவே பம்பைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, குறுக்கே பலகை போட்டு அதன்மேல் ஓட விடுகிறார்கள். கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போதும் இதே கதைதான், குழாய் எட்டவில்லை என்பார்கள். பெற்றோலோ மண்ணெண்ணெயோ, அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. பம்பை நிறுத்த இறங்கியவர் விழுவார். அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார், தம்பியைத் தூக்க மச்சான் இறங்குவார்.

விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை, அதனால் இறங்கினோம் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விளக்கு காட்டுவது காற்றில் ஒட்சிசன் போதுமா என்பதை மட்டும்தான். ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மொனொக்சைட் இருந்தாலும் விளக்கு அழகாக எரியும். நனைத்த துணியை மூக்கில் கட்டுவதும் வீண் வேலை. இஞ்சினை நிறுத்தினாலும் புகை உடனே வெளியேறாது. உள்ளே ஆள் விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது. அவருக்கு நினைவு இருந்தால் கயிற்றைப் போடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, இரண்டுக்கும் அடியுங்கள். கையால் தோண்டவோ அள்ளவோ இறங்குகிற ஆளுக்கு, இறங்கும் முன்பே நெஞ்சில் கயிறு கட்டி மேலே கப்பியில் மாட்டி வையுங்கள். தண்ணீருக்குள் இறக்குகிற கரண்ட் மோட்டருக்குப் புகை இல்லை, அதனால்தான் மேலே மோட்டர் என்றேன். இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்குவதை ஊரில் நிறுத்தினாலே உங்கள் 20 பேரும் பெரிய வேலை செய்துவிட்டார்கள்.

தாளில் கீறும்போது பன்றிக்கும் யானைக்கும் என்று இரவில் வீட்டுக் கரண்டைக் கம்பியில் விடுகிற காணிகளையும் குறியுங்கள். சட்டவிரோதம் என்பதால் காணிக்காரர் வாய் திறக்கமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். கழற்றச் சொல்லுங்கள். கழற்றும் வரை இருட்டில் அந்த வரம்பால் யாரும் ஓடக் கூடாது.

உழவு இயந்திரத்தின் பின்னால் சுழல்கிற தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது செக்கனுக்கு 9. சாரத்தின் தலைப்பு மாட்டினால் கையை எடுக்க நேரமில்லை. மூடி இல்லாத தண்டுக்குப் பக்கத்தில் சாரத்தோடு போகவே வேண்டாம். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் இருக்கிறது, சேற்றில் இறங்கும் முன் கேளுங்கள்.

அவர் விற்கிற சின்னச் சிவப்புக் கருவி பத்துச் செக்கன் அளவில் தீர்ந்துவிடும். இஞ்சினில் பிடித்த தீக்கு நல்லது. வைக்கோல் போருக்கு உதவாது, உள்ளே கனன்று மறுநாள் மறுபடி பிடிக்கும். போரைப் பிரித்து இழுத்து நனைக்க வேண்டும்.

மருந்து வைத்த கொட்டில் எரிந்தால் தண்ணீர் அடிக்காதீர்கள். விஷம் தண்ணீரோடு ஓடி வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகும். காற்று வருகிற பக்கமாக விலகி நின்று எரிய விடுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கொட்டில் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால், முதலில் வீட்டில் இருக்கிற எல்லோரையும் வெளியே எடுங்கள். பிறகு வீட்டுச் சுவரை மட்டும் நனையுங்கள், கொட்டிலை அல்ல. ஓடுகிற தண்ணீரை மண் அணை போட்டு மறியுங்கள். காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் சுவரையும் விட்டுவிட்டு விலகுங்கள், வீடு போனால் போகட்டும். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நம் ஊரில் முக்கால்வாசிக் கொட்டில் வீட்டுச் சுவரோடுதான் இருக்கிறது.

பயிற்சிக்கு யாரிடம் போவது? முதலுதவிக்கு இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. தீக்கு, உங்கள் சபை மூலமாகத் திருகோணமலைத் தீயணைப்புப் பிரிவிடம் ஒருநாள் பயிற்சி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இங்கே தீயணைப்பு என்பது சபைகளின் வேலை. கிராமத்துக்கென்று ஒரு தொண்டர் படை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதே விஷயமாக நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் இது விவசாயம் என்றார்கள், இரண்டாம் தரம் சுகாதாரம், மூன்றாம் தரம் உரியவர் லீவில். அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் துண்டுப்பிரசுரக்காரர் கடை போட்டிருக்கிறார். ஆகவே கடிதத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள்.

பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு இரண்டு பேரை அனுப்பி, இஞ்சின் உள்ளே இறக்கிய கிணறுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.