வாசகர் கேள்வி – பதில்: தனித்தனியே சுழலும் கிராங்க்

கேள்வி: எனக்கு வயது 38. கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்காகச் சென்னையில் பயிற்சி செய்து வருகிறேன். 1.9 கி.மீ. நீச்சலும் 90 கி.மீ. சைக்கிளும் சமாளித்துவிடுகிறேன்; அதன்பின் வரும் 21.1 கி.மீ. ஓட்டத்தில் கால் தூக்க முடியாமல் தவிக்கிறேன். இரண்டு பெடல்களும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சுழலும் கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் தண்டு) ஒன்று இருப்பதாகவும், அதில் பழகினால் சைக்கிள் வேகமும் ஓட்டமும் சேர்ந்து உயரும் என்றும் நண்பர் சொல்கிறார். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். சாதாரண சைக்கிளில் இடது, வலது கிராங்க்குகள் ஒரே அச்சில் எதிரெதிராக இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், கீழே மிதிக்கும் கால் தன் வேலையோடு, மேலே ஏறும் காலின் எடையையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கிறது. நாம் அதை உணர்வதே இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராங்க் டே உருவாக்கிய, பவர்கிராங்க்ஸ் என்னும் இவ்வகைக் கருவியில், மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீலைப் போல, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் ஒவ்வொரு கிராங்க்கிலும் இருக்கிறது. எனவே ஒரு கால் மற்றதற்கு உதவ முடியாது. மேலே தூக்காத கால் அடியிலேயே தொங்கி நின்றுவிடும்.

ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, வீட்டில் டிரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) மீது நிறுத்திய சைக்கிளில் நான் முதன்முறை ஏறியபோது, நான்காவது நிமிடத்திலேயே தொடையின் மேற்பகுதி, இடுப்போடு சேரும் இடத்தில், கயிறு கட்டி இழுத்தது போல எரியத் தொடங்கியது. இரண்டு கால்களும் முன்பின்னாக நிற்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. பல ஆண்டுகள் சைக்கிள் ஓட்டியும் என் வலது கால் ஏறும்போது எதுவுமே செய்ததில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த அறிவுக்காக அக்கருவியை நான் மதிக்கிறேன்.

ஆனால், விலை கொடுத்து வாங்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். சில மாதப் பயிற்சியில் திறன் (மிதித்து வெளிப்படுத்தும் வாட் அளவு) சுமார் 40 சதவீதம் உயரும் என்று விளம்பரங்கள் கூறின. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்ற 12 பேரில் ஒரு பிரிவினர் 6 வாரம் இதில் ஓட்டியபின், மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுகையில் அவர்களுக்கு ஆக்ஸிஜன் குறைவாகவே தேவைப்பட்டது. உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவில் மட்டும் மாற்றமில்லை. இதே வகைக் கிராங்க்கை வைத்து 5 வாரம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்விலோ, மிதிக்கும் முறை மாறியதே தவிர, திறன் உயரவில்லை. இவற்றோடு 2007-இல் வந்த இன்னொரு முடிவையும் வைத்துப் பார்க்க வேண்டும்: 200 வாட் வேலையைச் சாதாரண கிராங்க்கில் செய்துகொண்டிருந்தவர்களிடம் பெடலை மேலே இழுக்கச் சொன்னபோது, விசை பெடலில் விழும் திசை சீரானது, ஆனால் அதே வேலைக்கு உடல் செலவழித்த ஆற்றல் கூடியது. தொடையை உயர்த்தும் தசைகள் சிறியவை, விரைவில் களைப்பவை. மிதித்துத் தள்ளும் பெரிய தசைகளின் வேலையை அவற்றின் தலையில் ஏற்றுவது எப்போதும் லாபமாகாது.

ஓட்டத்தைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஓடும்போது தொடையை முன்னே கொண்டுவருவதும் அதே தசைகள்தான் என்பதால், அவற்றைப் பலப்படுத்துவது வீண் போகாது. அதற்கு இந்தச் செலவு தேவையில்லை. டிரெய்னரில் ஒரு காலை ஸ்டூல் மீது வைத்துவிட்டு, மற்றக் காலால் மட்டும் 30 விநாடி ஓட்டிப் பாருங்கள். பெடல் உச்சியைக் கடக்கும்போது செயின் தளர்ந்து 'டக்' என்று விழும் ஓசை கேட்கும். அது கேட்காதபடி ஓட்டப் பழகுவதே பயிற்சி. வாரம் இருமுறை, காலுக்கு ஐந்தாறு தடவை போதும். கூடவே, சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் 15 நிமிடம் ஓடுங்கள். கால் தூக்க முடியாத நிலைக்கு இதைவிட நேரடியான மருந்தை நான் கண்டதில்லை.

கேள்வி: அப்படியானால் கிராங்க்கை மாற்றவே வேண்டாமா?

பதில்: மாற்றலாம், நீளத்தை. உங்கள் சைக்கிளில் 172.5 மி.மீ. இருந்தால் 165-க்கு வாருங்கள். பெடல் அடியில் 7.5 மி.மீ. உயர்வதால் சீட்டையும் அதே அளவு உயர்த்துவீர்கள். அப்போது பெடல் உச்சியில் இருக்கையில் அதற்கும் சீட்டுக்கும் இடையே 15 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். குனிந்து படுத்தபடி 90 கி.மீ. ஓட்டும் டிரையத்லான் வீரருக்கு முழங்கால் வயிற்றில் இடிக்காமல், இடுப்பு அவ்வளவு மடங்காமல் இருப்பது பெரிய நிம்மதி. திறன் குறையுமே என்று அஞ்ச வேண்டாம்: 120 முதல் 220 மி.மீ. வரை சோதித்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், உச்சத் திறனில் இருந்த வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான்; 145-க்கும் 170-க்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

கேள்வி: நண்பர் தன் தனிச்சுழல் கிராங்க்கை இரவல் தருகிறார். போட்டியன்றும் அதிலேயே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். பயிற்சிக்கு இரவல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டு, முதல் இரண்டு வாரம் டிரெய்னரில் மட்டும், 10 நிமிடத்தில் தொடங்குங்கள். சாலையில் மிதிப்பதை நிறுத்தியதும் இரண்டு பெடல்களும் கீழே இறங்கிவிடும். வளைவில் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்த நாம் பழகியிருக்கிறோமே, அது தானாக அங்கே நிற்காது, காலால் தூக்கிப் பிடித்தாக வேண்டும். களைத்த காலோடு அதை மறந்தால் பெடல் தரையில் உரசி ஆளைத் தூக்கி எறியும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பழைய கிராங்க்கை மாட்டிவிடுங்கள்.