அப்பாயிக்கு நாலு வரி

கேள்வி: போன ஆடியில் எங்கள் அப்பாயி இறந்துவிட்டார். வருகிற ஆடியில் வருஷத் திதி. நினைவஞ்சலி நோட்டீஸுக்கு அச்சகத்தில் வைத்திருக்கும் கவிதைகளில் ஒன்றைப் போட்டால் போதும் என்கிறார் சித்தப்பா. "வீட்டோடு தறிக்குத் தார் சுத்திக்கிட்டு இருந்தவங்களைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்கிறார். எனக்கோ சொந்தமாக நாலு வரியாவது எழுத ஆசை. எதிலிருந்து தொடங்குவது? பிறந்த வருஷம்கூடச் சரியாகத் தெரியாது. ஆதாரில் 1941 என்று இருக்கிறது. ஆனால் "மேட்டூர் டேம் திறந்தப்ப நான் கைக்குழந்தை, எங்க அய்யன் தூக்கிட்டுப் போய்க் காட்டுச்சாம்" என்று அப்பாயி அடிக்கடி சொல்வார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அந்தத் தாரிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் சித்தப்பாவின் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. ராட்டை முன்னால் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்க ஆள் இல்லையென்றால், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போட ஊடை நூல் ஏது? தறி நின்றுவிடும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட துணிக்குக் கூலி எழுதும்போது நெய்தவர் பெயரில்தான் எழுதுவார்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தார் சுற்றிய பெண்ணின் பெயர் கணக்கில் வருவதில்லை. உங்கள் அப்பாயியின் வேலை அவர் பெயரோடு அச்சில் வர இந்த நோட்டீஸ் ஒரு இடம். அதை அச்சகத்துக் கவிதைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் பெரியம்மா ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்தவர். அவர் இறந்தபோது வீட்டில் எல்லோரும் "நல்ல மனுஷி" என்றுதான் சொன்னோம். யாரைப் பற்றி வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். அப்புறம் அவரோடு ஒரே வரிசையில் பறித்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "உங்க பெரியம்மா கூடையில பச்சைக்காய் இருக்காது. எங்க கூடையில இருந்தாலும், மேஸ்திரி வர்றதுக்குள்ள பொறுக்கி எடுத்துடும்" என்றார். மார்கழிக் குளிரில், கை விறைக்கும் நேரத்தில், பக்கத்துக் கூடையையும் பார்த்த மனுஷி! அத்தனை வருஷம் அவர் கையால் சாப்பிட்ட எங்களுக்கு இது தெரியாது. அதை அப்படியே அஞ்சலியில் போட்டோம்.

நீங்களும் வீட்டுக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அப்பாயி சுற்றிய தாரை வைத்து நெய்தவர்களில் ஒருவராவது தெருவில் இருப்பார். போய் உட்காருங்கள். "எங்க அப்பாயி எப்படி?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்று முடித்துவிடுவார்கள். நூல் அறுந்தால் என்ன சொல்வார், எத்தனை மணிக்கு ராட்டையில் உட்காருவார், யாரோடு சண்டை போட்டார் என்று கேளுங்கள். ஆமாம், சண்டையையும்தான். வயதானவர்கள், தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

வருஷக் கணக்குக்கு அப்பாயியே வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி, 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. அப்போது கைக்குழந்தை என்றால் பிறந்தது 1933 அல்லது 1934. ஆதாரில் இருப்பதைவிட ஏழெட்டு வயது கூடுதல். பிறந்த தேதி எழுதி வைக்காத வீடுகளில் கேட்டவர்கள் உத்தேசமாக ஒரு வருஷம் போட்டுக்கொண்டது நிறையவே நடந்திருக்கிறது. பத்திரம், வாரிசுச் சான்று போன்றவற்றில் இருக்கும் தேதியைத் தொடாதீர்கள், வீண் அலைச்சல். நோட்டீஸில் மட்டும் வருஷத்தை விட்டுவிட்டு "மேட்டூர் அணை திறந்தபோது கைக்குழந்தை" என்று போடுங்கள். சேலத்துக்காரர்களுக்கு அதுவே போதும்.

சரி, எழுதுவது இப்படி இருக்கலாம்: "மேட்டூர் அணை திறந்தபோது கைக்குழந்தை. அம்மாபேட்டையில் இந்த வீட்டுத் தறிக்குத் தார் சுற்றியவர். நூல் அறுந்தால்..." மூன்றாவது வரியைத் தெருவில் கேட்டு வந்து நீங்கள் முடிக்க வேண்டும். நாலாவது வரி சித்தப்பாவுக்கு. அவர் அந்தப் பெண்மணியின் பிள்ளை. சின்ன வயதில் ராட்டைப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருப்பார். அவரிடம் போய், "உங்க அம்மாவைப் பத்தி ஒரு வரி நீங்களே சொல்லுங்க சித்தப்பா" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் திருத்தாமல் போடுங்கள்.