கொட்டுகிற மழையில் வடிகால் மூடியைத் தூக்காதீர்கள்

வணக்கம். தரைவீட்டு வாசலில் வடிகாலின் கம்பிமூடி இலையால் அடைத்து, மழை வந்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, இறங்கி மூடியைத் தூக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மழை கொட்டும்போது வேண்டவே வேண்டாம். அடைப்பு விலகிய நொடியில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த ஓட்டைக்குப் பாயும், காலையும் சேர்த்து இழுக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். திறந்து போட்ட குழி கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. பின்னால் வருகிற சைக்கிள்காரர் நேரே உள்ளேதான்.

தண்ணீர் வடிந்தபின், மூடியைத் தொடாமல், மேலே ஒட்டிய இலையையும் பிளாஸ்டிக் பையையும் நீளக் கைப்பிடி வாருகோலால் இழுத்தெடுங்கள். கையுறை, பூட்ஸ் அவசியம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரலாம். அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள் (அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!).

உள்ளே அடைத்திருந்தால் அது உங்கள் வேலை இல்லை. படம் எடுத்து, சிங்கப்பூரில் அக்கம்பக்கக் குறைகளைச் சொல்வதற்கான ஒன்சர்விஸ் (OneService) செயலியில் புகார் போடுங்கள். தெருவில் வெள்ளமே ஏறிவிட்டால் தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபிக்கு (PUB) நேரே போன் செய்யுங்கள். அப்புறம், பியுபியின் டெலிகிராம் வெள்ள எச்சரிக்கையில் சேர்ந்துகொண்டால், காரை மேட்டுக்கு நகர்த்தக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.