சிற்றூரில் பத்திரிகை நடத்திக்கொண்டே நாடறிந்த ஆசிரியராக முடியுமா?

முடியும். வில்லியம் ஆலன் வைட் அப்படி ஆனவர்.

1895-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரின் 'கெஜட்' நாளிதழை 3,000 டாலருக்கு வாங்கினார். எல்லாம் கடன்தான். அடுத்த ஆண்டு, குடியரசுக் கட்சியை எதிர்த்த விவசாயிகளின் கட்சியான பாப்புலிஸ்ட் கட்சிக்காரர்கள் சிலர் தெருவில் மடக்கிக் கேலி செய்ய, கோபத்தோடு அலுவலகம் போய் 'கான்சஸுக்கு என்ன கேடு?' என்று ஒரு தலையங்கம் எழுதினார். அதைக் குடியரசுக் கட்சி தேர்தலுக்காக நாடெங்கும் அச்சிட்டுப் பரப்பியது. அதன் பிறகு பெருநகர அழைப்புகள் வந்தும் ஊரைவிட்டுப் போகவில்லை.

சிற்றூர் ஆசிரியருக்குப் பெரிய சிக்கலே, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரே எதிரில் வந்து நிற்பார் என்பதுதான். 1922-ல் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்களை ஆதரிக்கும் சுவரொட்டிகளுக்கு ஆளுநர் தடை போட்டார். அந்த ஆளுநர் வைட்டின் நெருங்கிய நண்பர்! வைட்டுக்கு வேலைநிறுத்தத்தில் முழு உடன்பாடு கிடையாது, ஆனாலும் '49 சதவீதம் ஆதரிக்கிறோம்' என்று அலுவலக ஜன்னலில் ஒட்டி வைத்தார். (அந்தக் கணக்கை நான் மிகவும் ரசித்தேன்.) அதற்காகக் கைதும் ஆனார். அப்போது பேச்சுரிமை பற்றி எழுதிய தலையங்கத்துக்கு 1923-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஆனால் மனதில் நிற்பது வேறொன்று. 1921-ல் அவருடைய மகள் மேரி குதிரைச் சவாரியில் மரக்கிளையில் அடிபட்டு இறந்தாள். வயது 16. அவளுக்கான இரங்கல் கட்டுரையை அவரே எழுதினார். அவளுடைய குறும்புகள்தான் அதில் நிறைய.

1944-ல் இறக்கும்வரை அவர்தான் 'கெஜட்'டின் ஆசிரியர்.