ஆற்று நண்டும் ஆறாத இருமலும்

கேள்வி: மூன்று மாதமாக இருமல். சளி துரு நிறத்தில் வருகிறது. காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. 'ஆற்று நண்டு சாப்பிட்டீர்களா?' என்று மருத்துவர் கேட்கிறார். நண்டுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மிகச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். நன்னீர் நண்டின் உடலில் நுரையீரல் தட்டைப்புழுவின் இளம்புழு, கண்ணுக்குத் தெரியாத சிறு கூட்டுக்குள் இருக்கலாம். நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால், அது குடலில் கூட்டைவிட்டு வெளியே வந்து, குடல் சுவரைத் துளைத்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தையும் கடந்து நுரையீரலில் குடியேறும். அங்கே சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, காப்பிக்கொட்டை போலத் தடித்திருக்கும். முட்டையிடத் தொடங்க 2 முதல் 3 மாதம் ஆகும். 20 ஆண்டு வரைகூட உயிரோடிருக்கும். என்றோ சாப்பிட்ட நண்டை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இருமல், ரத்தம் கலந்த சளி, எக்ஸ்ரேயில் நிழல் எல்லாமே காசநோய் மாதிரிதான். கிருமி தென்படாமலேயே மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெரிய ஆதங்கமே இதுதான். சளியில் புழுவின் முட்டை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சளியை விழுங்கிவிடுவதால் மலத்திலும் முட்டை வரும். இரண்டையும் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். அதே சமயம் காசநோய் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

கேள்வி: மருந்து எத்தனை நாள்?

பதில்: வழக்கமாகத் தருவது பிரசிகுவான்டெல். எடைக்கேற்ற அளவில், நாளுக்கு மூன்று வேளை, 2 அல்லது 3 நாள். தலைவலி, வலிப்பு, பார்வைக் கோளாறு இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். புழு மூளைக்கும் போகக்கூடும். அப்போது சிகிச்சை முறையே வேறு.

கேள்வி: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இருமினால் தொற்றுமா?

பதில்: தொற்றாது. முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, நண்டுக்குள் போன பிறகுதான் மனிதருக்கு ஆபத்து.

கேள்வி: வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்தால் புழு செத்துவிடாதா?

பதில்: அதை நம்பவே நம்பாதீர்கள். மதுவில் ஊறவைத்தாலும் அப்படித்தான். சதை உள்வரை நன்றாக வேக வேண்டும். வெப்பமானியில் குறைந்தது 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இன்னொன்று: பச்சை நண்டை உடைத்த பலகையிலேயே காய்கறி நறுக்குகிறோம், அந்தக் கையாலேயே பரிமாறுகிறோம். நண்டை எவ்வளவு வேகவைத்தும் பயனில்லாமல் போவது இங்கேதான். பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

கேள்வி: கடல் நண்டிலும் இது உண்டா?

பதில்: இந்தப் புழு நன்னீரைச் சார்ந்தது. ஆனால் நண்டையே தொடாதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நண்டு தின்ற காட்டுப்பன்றியின் தசையிலும் இளம்புழு உயிரோடு தங்கும். அந்த இறைச்சியையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.