மே மாதத்தில் ஆல்ப்ஸ் பாதயாத்திரை: விசாவுக்கு முன் பனியைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் அக்காவும் கோவையில் பள்ளி ஆசிரியைகள். வேளாங்கண்ணிக்குப் பலமுறை நடந்தே போயிருக்கிறோம். வரும் மே விடுமுறையில் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் வழியாக இத்தாலியின் ஆவோஸ்டா பள்ளத்தாக்கு வரை, ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் நடக்க ஆசை. கடைசியில் ரோமில் மூன்று நாள். கணக்குப் போட்டால் ஸ்விட்சர்லாந்தில் எட்டு இரவு, இத்தாலியிலும் எட்டு இரவு வருகிறது. “ஸ்விஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, இத்தாலி விசாவே போட்டுவிடலாம், ஹோட்டல் புக்கிங் பேப்பரை நானே ரெடி பண்ணித் தருகிறேன்” என்கிறார் ஏஜெண்ட். இரண்டு நாடு என்பதால் மல்டிபிள் என்ட்ரிக்கும், எட்டியாஸ் என்ற அனுமதிக்கும் தனியாகப் பணம் கேட்கிறார். எந்த நாட்டு விசா கேட்பது சரி? அந்த பேப்பரை நம்பலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் விசாவைக் கேட்டிருக்கிறீர்கள். மே மாதத்தில் அந்தக் கணவாயைக் கடக்க முடியுமா என்று நீங்களும் கேட்கவில்லை, உங்கள் ஏஜெண்டும் சொல்லவில்லை. அதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்த நாட்டு விசா என்பதே முடிவாகும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கணவாயின் உயரம் 2,469 மீட்டர். உயரத்தில் நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான். ஊட்டிக்குப் போய்வந்த தைரியத்தில் பலரும் இதை எளிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் அங்கே மேல் மலையில் பனி இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் நகராது. வண்டிகள் போகும் மலைச்சாலையே அக்டோபர் நடுவில் மூடி, பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். நடைபாதையைச் சுத்தம் செய்ய யாரும் வருவதில்லை. பனி தானாக உருகினால்தான் வழி தெரியும். ஸ்விஸ் பக்கத்துக் கடைசி ஏற்றத்தில் ‘இறந்தவர் பள்ளம்’ என்றே பெயர் பெற்ற ஓர் இடம் இருக்கிறது. பனிச்சரிவு விழும் இடம். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவோஸ்டாவின் பெர்னார்ட் என்ற துறவி கணவாயின் உச்சியில் மடம் கட்டியதே வழிப்போக்கர்கள் அங்கே செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக.

“நெப்போலியன் மே மாதத்தில்தானே கடந்தான்” என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். உண்மைதான், 1800ஆம் ஆண்டு மே மாதம். பனி அவ்வளவு இருந்ததால் பீரங்கிக் குழாய்களைக் குடைந்த மரத்தடிகளுக்குள் வைத்துக் கட்டி, ஆட்களை விட்டு இழுத்தார்கள். உங்களுக்கும் உங்கள் அக்காவுக்கும் அது முன்மாதிரி ஆகாது. மடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பனிக்காலத்தில் அங்கே வருகிறவர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, பனிச்சரிவைப் படிக்கத் தெரிந்தவர்களோடு வருகிறார்கள். ‘ஓபன்’ என்று இணையத்தில் பார்த்துவிட்டுக் கான்வாஸ் ஷூவோடு கிளம்பக் கூடாது.

ஆக, மே மாதம்தான் போக முடியும் என்றால் கணவாயை விட்டுவிடுங்கள். லோசானிலிருந்து மார்ட்டினி வரை நடங்கள். அங்கிருந்து மலைக்கடியில் 1964இல் திறந்த சுரங்கச்சாலை வழியாக ஆவோஸ்டாவுக்குப் பேருந்து உண்டு. நாளுக்குச் சில தடவைதான் ஓடும். நேரத்தைப் பார்த்து இடம் பிடித்துவிடுங்கள். ஆவோஸ்டாவில் இறங்கி மறுபடி நடையைத் தொடரலாம். மாதா கோவிலுக்குப் போகும் வழியில் கொஞ்சம் வண்டியில் போய்விட்டோமே என்று உங்களுக்கு மனசு உறுத்தலாம். உறுத்த வேண்டாம். கான்டர்பரி பேராயர் சிஜெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய ஊர்களை வரிசையாகக் குறித்துவைத்ததால்தான் இன்று இந்தப் பாதையையே நாம் அடையாளம் காண்கிறோம். அந்தப் பட்டியலில் ஆவோஸ்டா, செயின்ட் மொரீஸ், வெவே, லோசான் எல்லாம் உண்டு. இந்த ஊர்கள் எல்லாமே உங்கள் நடையில் வரும்.

இப்போது விசாவுக்கு வருவோம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறது என்பது காரணமே இல்லை. கணவாயை எடுத்துவிட்டால் உங்கள் கணக்கு மாறுகிறது. ஸ்விஸ் பக்கம் லோசான், வெவே, எகிள், செயின்ட் மொரீஸ், மார்ட்டினி என்று ஐந்து இரவு. இத்தாலியில் ஆவோஸ்டா, ஷாத்தியோன், வெரேஸ், போன் செயின்ட் மார்ட்டின், பிறகு ரோமில் மூன்று, மொத்தம் ஏழு. எனவே இத்தாலி. ஏஜெண்ட் சொன்ன நாடும் அதுவே. ஆனால் உங்கள் எட்டுக்கு எட்டுத் திட்டத்தோடு, அவர் சொன்ன காரணத்துக்காகப் போயிருந்தால் உங்களிடம் நேர்மையான பதில் இருந்திருக்காது. இத்தாலி விசாவோடு ஜெனீவாவில் இறங்கலாமா என்ற பயம் வேண்டாம், தாராளமாக இறங்கலாம். உங்கள் பயணத்திட்டத்தைக் கையில் அச்சிட்டு வைத்திருங்கள்.

மிச்சமாகும் நான்கு இரவுகளை என்ன செய்வது என்று தோன்றும். கவனம். ஏரிக்கரை அழகாக இருக்கிறது என்று லாவோ திராட்சைக் கிராமங்களில் மூன்று இரவு கூட்டினால் ஸ்விஸ் எட்டு, இத்தாலி ஏழு. விசா நாடு மாறிவிடும். கூட்டுவதாக இருந்தால் இத்தாலிப் பக்கம் கூட்டுங்கள்.

இரவுகள் சமமாக வந்தால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கணவாய் வழியாக நடப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. சமமாக இருந்தால் பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டில் என்று பார்ப்பார்கள். அதையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் முதலில் நுழையும் நாடு. யாத்திரையின் நோக்கம் ரோம் என்று நீங்கள் சொல்லலாம். நடைதானே நோக்கம், அது பாதிக்கு மேல் ஸ்விட்சர்லாந்தில்தானே என்று அதிகாரி சொல்லலாம். இதில் கணவாய் மடத்து இரவு வேறு சேர்ந்துகொள்கிறது. மடம் நிற்பது ஸ்விஸ் மண்ணில். அங்கேயிருந்து, கணவாயிலேயே இருக்கும் சிறிய ஏரியின் கரையோரம் சில நிமிடம் நடந்தால் இத்தாலி எல்லை. மடத்தில் படுத்தால் அது ஸ்விஸ் இரவு. அதே ஏரியின் அந்தப் பக்கம் இத்தாலி விடுதியில் படுத்தால் இத்தாலி இரவு. உங்கள் பழைய திட்டத்தில் அந்த ஓர் இரவு இடம் மாறியிருந்தாலே எட்டுக்கு எட்டு என்பது ஏழுக்கு ஒன்பது ஆகியிருக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: சமமான கணக்கோடு விண்ணப்பமே போடாதீர்கள். ஏதாவது ஒரு பக்கம் உண்மையாகவே இரண்டு இரவு கூட்டி, பிறகு போடுங்கள்.

அந்த ‘புக்கிங் பேப்பர்’ விஷயம். வேண்டவே வேண்டாம். பணம் கட்டாத, உங்கள் பெயரில் யாரோ உருவாக்கிய, இரண்டு நாளில் ரத்தாகிவிடும் அறைச் சீட்டு அது. சில சமயம் அப்படியோர் அறையே இருக்காது. தூதரகம் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். மறுப்பு வந்தால் அதற்கு ஏஜெண்ட் பொறுப்பேற்க மாட்டார், கையெழுத்து உங்களுடையது. விண்ணப்பமும் மறுப்பும் ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஐந்தாண்டு வரை இருக்கும். அடுத்த முறை பிரான்ஸிடம் போனாலும், ஜெர்மனியிடம் போனாலும் அவர்கள் பார்ப்பார்கள். தொண்ணூறு யூரோ கட்டணமும் திரும்பாது. இதே பேப்பரால் மறுப்பு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பொய்ச் சீட்டு வியாபாரம் இவ்வளவு செழிப்பதற்கு விசா முறையும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவீர்கள் என்று கேட்கிறார்கள். நடந்து போகிறவருக்குக் காலில் கொப்புளம் வந்தால் எட்டாம் மைலில் நிற்பார். யாத்திரிகர்களுக்கு இடம் கொடுக்கும் பங்குக் கோவில் வீடுகளில் பல, தொலைபேசியில் ‘வாருங்கள்’ என்று சொல்வதோடு சரி. சீட்டு எதுவும் அனுப்புவதில்லை. ஒரே நகரத்தில் ஒரே ஹோட்டலில் தங்கும் சுற்றுலாப் பயணிக்காகச் செய்த படிவத்தை எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் விடுமுறைக் காலத்தில் நேரம் கிடைக்கிறதா? இந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் கடை விரிக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பெரிய ஊர்களில், அதாவது லோசான், மார்ட்டினி, ஆவோஸ்டா, ரோம், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய உண்மையான அறைகளை உங்கள் கார்டில், உங்கள் பெயரில் பிடியுங்கள். செயின்ட் மொரீஸில் 515இல் தொடங்கிய துறவிமடம் இருக்கிறது. அந்த ஊரில் யாத்திரிகர்களுக்கு இடம் உண்டு. அதுபோன்ற இடங்களுக்கு ஆங்கிலத்திலோ, மொழிபெயர்ப்புச் செயலி வைத்து பிரெஞ்சிலோ மின்னஞ்சல் எழுதி, வரும் பதிலை அச்செடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பக்க அட்டவணை: தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், இரவு எங்கே. அதோடு நடைக்கான காரணத்தைச் சொல்லும் ஒரு சிறு கடிதம். வேளாங்கண்ணி நடையை அதில் எழுதுங்கள். அது உண்மை, உங்கள் விண்ணப்பத்துக்குப் பலமும்கூட. விசா கிடைத்த பிறகு மழையாலோ கால்வலியாலோ ஓர் ஊர் மாறினால் அது குற்றமில்லை. இல்லாத திட்டத்தைக் காட்டி விசா வாங்குவதுதான் குற்றம்.

மல்டிபிள் என்ட்ரிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்விட்சர்லாந்தும் இத்தாலியும் ஷெங்கனுக்குள்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது இரண்டாவது நுழைவு ஆகாது. எட்டியாஸ் என்பது விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கானது. இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா வாங்கிப் போகிறவருக்கு அதை விற்பது பகல் கொள்ளை.

இன்ஷூரன்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விசாவுக்கு முப்பதாயிரம் யூரோ பாதுகாப்பு இருந்தால் போதும் என்பதால் ஏஜெண்ட் மலிவான பாலிசியை ஒட்டிவிடுவார். அதன் பின்பக்கத்தில் ‘ட்ரெக்கிங்’, ‘சாகச விளையாட்டு’ விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள். மலையில் தேடி மீட்கும் செலவு சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்விட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான பிராங்க். இரண்டு நாட்டிலும் அவசர எண் 112.

நடையைப் பற்றிச் சில வார்த்தை. லோசான் தாண்டியதும் வரும் லாவோ, லெமான் ஏரிக்கு மேலே சரிவு முழுவதும் கல்சுவர் கட்டிப் படிப்படியாக எடுத்த திராட்சைத் தோட்டம். துறவிகள் தொடங்கிவைத்த வேலை. 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெயில் நேராகவும், ஏரி நீரில் பட்டும், கல்சுவரின் சூட்டிலும் கொடிக்குக் கிடைக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உங்களுக்கும் அதே சூடுதான், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான தார்ப்பாதையிலேயே நடங்கள், சுவர்மேல் ஏறாதீர்கள். இத்தாலிப் பக்கம் டோனாஸில் ரோமானியர்கள் பாறையைக் குடைந்து போட்ட சாலை இருக்கிறது. வண்டிச் சக்கரத் தடம் இன்னும் பாறையில் தெரியும். அதன் சுற்றுவட்டாரத்தில் திராட்சை பந்தலில் படர்கிறது. போன் செயின்ட் மார்ட்டின் தாண்டி கரேமாவில் அந்தப் பந்தல்களைத் தாங்குவது கனத்த கல்தூண்கள். மிச்ச இரவுகளில் இரண்டையாவது இங்கே வையுங்கள் என்பது என் ஆசை.

கணவாயை நடந்தே கடக்காமல் மனசு கேட்காது என்றால் காலாண்டு விடுமுறையில் போங்கள். செப்டம்பர் கடைசியில் பொதுவாகப் பாதை திறந்திருக்கும், கீழே திராட்சை அறுவடை நடக்கும். அத்தனை நாள் விடுப்பு இருக்காது என்பதால் மார்ட்டினி முதல் ஆவோஸ்டா வரை மட்டும் போதும். மார்ட்டினியிலிருந்து ஓர்சியேர் வரை மலைச்சரிவில் குறுகலான பாதை. மழை பெய்திருந்தால் யோசிக்காமல் ரயில் ஏறுங்கள். மடத்தில் முன்கூட்டியே எழுதி இடம் சொல்லிவையுங்கள். கணவாயிலிருந்து ஆவோஸ்டாவுக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம், முழங்காலைப் பதம் பார்க்கும். எத்ரூபிளிலோ, அதற்குச் சற்று முன்னால் கணவாய்த் துறவியரின் விடுதி இருக்கும் செயின்ட் ஓயெனிலோ ஓர் இரவு நின்று இறங்குங்கள். அந்தத் திட்டத்தில் இரவுகளை மறுபடி எண்ண வேண்டும். அநேகமாக ஸ்விஸ் விசாதான் வரும்.

இன்னொன்று. ஆவோஸ்டாவுக்கும் இவ்ரேயாவுக்கும் இடையே ரயில் பாதையை மின்மயமாக்கும் வேலைக்காக 2024 தொடக்கத்தில் மூடி, பதிலுக்குப் பேருந்து விட்டார்கள். ரோமுக்குப் போகும் நாளில் டிக்கெட் எடுக்கும் முன் அந்தப் பாதையின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால், அதை இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.