டெசாமொரெலின் எல்லோருக்குமான தொப்பை ஊசியா?

காரைக்குடிப் பக்கம் ஜிம்முக்குப் போகிறவர்கள் பலர் கேட்பது இது: “அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெப்டைடு ஊசிதானே, தொப்பைக்குப் போடலாமா?”

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. டெசாமொரெலினில் 44 அமிலங்கள். இது நேராகக் கொழுப்பைக் கரைப்பதில்லை. கல்யாண வீட்டில் பெரிய ஆச்சி தானே அடுப்பில் நிற்காமல் சமையல்காரருக்குச் சொல்லி வேலை வாங்குவது போல, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது, அந்த ஹார்மோன்தான் குடலைச் சுற்றிய கொழுப்பைக் குறைக்கிறது.

2010-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் யாருக்கு? எச்.ஐ.வி. உள்ளவர்களில், கொழுப்புப் பரவல் மாறி வயிற்றில் அதிகம் சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆய்வுகளில் 26 வாரத்தில் உள்வயிற்றுக் கொழுப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது, உடல் எடை பெரிதாக மாறவில்லை. நிறுத்தினால் கொழுப்பு திரும்பிவிடும். வரத்துக்கால் திறந்திருக்கும்போது ஊருணியை இறைத்தால் எத்தனை நாள் வற்றியிருக்கும்?

சர்க்கரை ஏறலாம், புற்றுநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போடவே கூடாது. தயவுசெய்து ஆன்லைனில் குப்பி வாங்கி நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், பலர் நினைப்பது போல இது எடை குறைக்கும் மருந்து இல்லை. எடைக் குறைப்புக்கானது அல்ல என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.